பால் பிரிந்தால் பிசினை அள்ளிப் போடாதீர்கள்

புரட்டாசி வந்தாலே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்குத் தொலைபேசி ஓயாது. விரதக்காரர்களுக்காகச் சோயாப் பாலும் பட்டாணிப் பாலும் வீட்டிலேயே செய்து விற்பவர்கள் இங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "மேலே தெளிநீர், அடியில் மண்டி. இன்னும் கொஞ்சம் சாந்தன் கம் போடட்டுமா தம்பி?" சாந்தன் கம் என்பது பானங்களைக் கெட்டியாக்கும் பிசின் தூள். போன வாரம் பேசிய அம்மா லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டிருந்தார். அது பாலா, போஸ்டர் ஒட்டும் பசையா?

பிசின் போட்டால் அது புரதத்தையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறீர்கள். பிடிக்காது. சோயாப் பாலின் பி.எச். ஏறக்குறைய 7 (பி.எச். என்பது புளிப்பின் அளவு; 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அந்த நிலையில் புரதத்துக்கும் எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்), சாந்தனுக்கும் அதே எதிர்மின்னூட்டம். இரண்டும் விலகத்தான் பார்க்கும். போதாக்குறைக்குப் பிசினின் நீளமான சங்கிலிகள் தண்ணீரில் பரந்து விரிகின்றன. மினிபஸ் டாக்சியில் ஒருவர் காலைப் பரப்பி உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒரு மூலையில் நெருக்கிக்கொள்வது போல, புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே இறங்குகின்றன. கொத்தவரை விதையில் எடுக்கும் குவார் கம்முக்கு மின்னூட்டமே இல்லை. அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். மிக அதிகமாகப் போட்டால் குழகுழப்பில் பிரிவது தாமதமாகும், அவ்வளவே. காலையில் நன்றாக இருந்தது, மறுநாள் பிரிந்துவிட்டது என்கிறீர்களே, அது இதனால்தான்.

பழச்சாறோ புளியோ சேர்த்தால் கதை மாறும். பி.எச். 4.5 பக்கம் புரதம் தானாகவே திரியும். அதற்கும் கீழே போனால் புரதம் நேர்மின்னூட்டம் (பாசிட்டிவ்) பெறும்; ஜாமை இறுக வைக்கும் பெக்டினைச் சேர்த்திருந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். பெக்டின் குறைவாக இருந்தால் கட்டி விழும். போதுமான அளவு இருந்தால் ஒவ்வொரு துகளையும் போர்த்திக் காக்கும். அதனால் பெக்டின் முதலில், புளிப்பு அப்புறம், கலக்கிக்கொண்டே மெதுவாக. வரிசையை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. சாதாரணச் சோயாப் பால் புளித்தால் திரிந்து காட்டிக்கொடுக்கும். பிசினும் பெக்டினும் சேர்ந்த பால் கெட்டபிறகும் வழவழவென்றே இருக்கலாம். 'பிரியவில்லை, அதனால் நல்லது' என்று குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மின்வெட்டு நீண்டு ஃபிரிட்ஜ் சூடேறியிருந்தால் பாலைக் கொட்டிவிடுங்கள். பி.எச். 4.6-க்கு மேல் உள்ள பாலை மூடிய பாட்டிலில் வெளியே வைக்கவே கூடாது. கொடிய நச்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் வீட்டுக் கொதியில் சாகாது.

லேபிளில் 'இயற்கை' என்று பெரிதாகப் போடுபவர்கள் சோயா இருப்பதை ஒவ்வாமைக்காரர்களுக்காக எழுத மறப்பது தனிக் கதை. தென்னாப்பிரிக்காவின் உணவு லேபிள் விதியான 2010-இன் ஆர்146 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, ஐயா!

பிசின் வேண்டுமென்றால் தேக்கரண்டியை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள். லிட்டருக்கு 1 கிராமுக்குள் தொடங்கி, சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து தூவுங்கள். மாதிரி பாட்டிலை இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள்; பிரியாவிட்டால் அதே அளவில் புதிதாகச் செய்து விற்கலாம். புதுப் பாலில் கொஞ்சம் மண்டி மட்டும்தான் என்றால், துணியை இரட்டையாக மடித்து வடிகட்டி, 'குலுக்கிக் குடிக்கவும்' என்று எழுதி ஒட்டுங்கள், போதும்.