மேல்மாடியை வாடகைக்கு விடுமுன்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நொத்தாரிசு

"லோன் எடுத்து ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டா, அந்த வாடகையாலேயே லோனைக் கட்டி முடிச்சிரலாம்தானே, மிஸ்?"

மட்டக்களப்பில் சட்டத்தரணியாகவும், உறுதிகளையும் ஒப்பந்தங்களையும் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகவும் வேலை செய்யும் என்னிடம் இளம் தம்பதியர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ வங்கியிலோ உத்தியோகம் பார்ப்பவர்கள். உழைத்த காசு வீணாகாமல் பிள்ளைகளுக்கு ஏதாவது சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு வருகிறார்கள். அதனால் நானும் நேராகவே சொல்லிவிடுவேன்: எங்கள் ஊரில் வாடகை வருமானத்தைத் தொடங்க ஏற்ற இடம் நீங்கள் ஏற்கெனவே குடியிருக்கும் வீடும் வளவும்தான். இரண்டாவது வீட்டை அப்புறம் யோசிக்கலாம்.

இணையத்தில் 'ஹவுஸ் ஹாக்கிங்' என்று பேசப்படுவதும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் இரண்டு முதல் நான்கு குடும்பங்கள் இருக்கக்கூடிய கட்டடம் ஒன்றை வாங்கி, ஒரு பகுதியில் தாங்கள் குடியிருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடுகிறார்கள். வாங்குபவர் அதிலேயே குடியிருப்பாரானால், அரசு காப்புறுதியுள்ள எஃப்எச்ஏ கடனை 3.5 வீத முற்பணத்தோடு எடுக்க அங்கே வழி உண்டு. வட்டியை 30 வருடங்களுக்கு மாறாமல் நிறுத்தியும் வைக்கலாம். அதனால் அந்தக் கணக்கு அங்கே சரிவருகிறது. இங்கே வீட்டுக் கடன் வட்டி பல வேளை சந்தையோடு ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்குப் பின் மாதத் தவணையைக் கட்ட நகையை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வாடகையை அந்த வேகத்தில் ஏற்ற முடியவில்லை. வாடகைக்கு இருந்தவர்களும் அதே விலைவாசியில்தானே அல்லாடினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்வளவில் 25 இலட்சம் ரூபாவில் சின்னதாக ஓர் அனெக்ஸ் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 20,000. ஆள் மாறும் இடைவெளி, பல்கலைக்கழக விடுமுறை என்று வருடத்தில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் கைக்கு வருவது 200,000. பெயின்ட், தண்ணீர் மோட்டர், சோலைவரி என்று 30,000 போனால் மிச்சம் 170,000. அதாவது போட்ட காசுக்கு வருடம் 7 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. சொந்தச் சேமிப்பில் கட்டியிருந்தால் இது மோசமில்லை, ஏனென்றால் கட்டடம் உங்களுடையது, நாளைக்கு வயதான தாய் தகப்பனுக்கும் அது உதவும். அதே 25 இலட்சத்தை 13 வீத வட்டிக்கு எடுத்திருந்தால் முதல் வருட வட்டி மட்டும் 3 இலட்சத்தைத் தாண்டும். வருகிற வாடகை அதில் பாதிக்குச் சற்று மேலேதான் தாங்கும். காணியையும் கடனுக்கு வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆள் கிடைக்குமா என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், நகரத்தில் போதனா வைத்தியசாலை, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கல்முனையில் வைத்தியசாலைகள். இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தரும் மாணவரும் எப்போதும் அறை தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது வேறு தொழில். அதற்கு வேறு பதிவுகள் வேண்டும், பருவம் முடிந்தால் அறை வெறுமையாகக் கிடக்கும். முதல் முயற்சிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்கு என்பது வழமை. கல்யாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் பின்வளவில் சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். ஆனால் வாடகைப் பேச்சு வரும்போது முன்விறாந்தையில் இருந்து பேசுவதும் கையெழுத்து வைப்பதும் ஆண்கள். "வீடு புள்ளைக்கு எழுதினதுதான் மிஸ், ஆனா கட்டினது நான்தானே" என்று ஒரு தகப்பன் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் கட்டினவர் என்பதற்காக அவர் குத்தகை கொடுக்க முடியாது. உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் அடுக்களையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் கூப்பிட்டு முன்னால் இருத்துங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சீதன உறுதியை எடுத்து முழுதாக வாசியுங்கள். பல உறுதிகளில் பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அப்படியானால் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வீட்டின் பயனை அனுபவிக்கவும் வாடகைக்கு விடவும் உரிமை அவர்களுக்கே. ஆனால் அவர்கள் கொடுத்த குத்தகை அவர்களுடைய சீவிய உரித்தோடு முடிந்துவிடும். தகப்பன் ஐந்து வருடத்துக்குக் குத்தகை கொடுத்து, மொத்தக் காசையும் முன்கூட்டியே வாங்கி, இரண்டாம் வருடத்தில் காலமானால் என்ன நடக்கும்? வாடகைக்கு வந்தவர் கட்டிய காசுக்காகவும், மகள் தன் வீட்டை மீட்கவும் அலைவார்கள். தாய் தகப்பனும் மகளும் சேர்ந்தே கையெழுத்து வைத்தால் இந்தச் சிக்கலே வராது. இன்னொன்று: எங்கள் பகுதிப் பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே கையாளலாம், கணவரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனால் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மாப்பிள்ளையைக் கட்டியிருந்தால், அந்தக் கல்யாணம் நிலைக்கும்வரை அந்தப் பெண்ணுக்கும் தேசவழமை பொருந்தும். அப்போது கணவரின் எழுத்துமூலச் சம்மதம் பற்றிக் கேட்காமல் எதையும் முடிக்காதீர்கள்.

உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதையும் முதலிலேயே பாருங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் குடியேற்றத் திட்டங்களிலும் நிறையக் காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் முன்அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்றினால் அது செல்லாது. அப்படிப்பட்ட வளவில் அனெக்ஸ் கட்டிக் குத்தகைக்கு விட யோசிப்பவர் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போக வேண்டும். மேசனை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

சரி, ஒப்பந்தம். இந்திய யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு "11 மாதத்துக்கு எழுதினால் பதியத் தேவையில்லைதானே" என்று கேட்கிறார்கள். அது இந்தியச் சட்டம். எங்களுக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். கடையில் டைப் செய்து, முத்திரை ஒட்டி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கிய தாள் அந்த இடத்தை நிரப்பாது. அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு "இரண்டு வருட எக்ரிமென்ட் இருக்கு" என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். சட்டத்தின் கண்ணில் அது மாத வாடகைதான்.

2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். நொத்தாரிசு முன் முடித்த குத்தகையின் காலம் முடிந்தும் ஒருவர் வெளியேற மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க வழியில் வீட்டை மீட்க அது வழி செய்கிறது. வெறும் தாளை நம்பியிருப்பவர் பழைய நீண்ட வழியில்தான் வழக்குப் பேச வேண்டும். நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் மிச்சம் பிடிக்க நினைத்து வருடக்கணக்காக நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். முடித்த குத்தகையைக் காணிப் பதிவகத்தில் பதியவும் மறக்காதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர் பத்து வருடம் இருந்தால் வீடு அவருக்குப் போய்விடும் என்ற பயம் ஊரில் பரவலாக உண்டு. அந்தப் பயத்தால் ரசீது கொடுக்க மறுக்கிறார்கள், கிராம சேவகரின் கடிதத்துக்கும் வாக்காளர் இடாப்புக்கும் விலாசம் கொடுக்க மறுக்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்லும் பத்து வருடம், உரிமையாளரை ஏற்காமல் அவருக்கு எதிராக இருந்த காலம். உங்கள் அனுமதியோடு வந்து உங்களுக்கு வாடகை கட்டுபவருக்கு அது பொருந்தாது. அவர் வாடகைக்காரர் என்பதைக் காட்டுவதே ரசீதுதான். கையில் காசை வாங்கிப் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. வாடகையை வங்கிக் கணக்குக்கு வாங்குங்கள், ரசீதுப் புத்தகத்தில் அடிக்கட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறுவதால் யாருக்கும் காணி உரிமை வருவதில்லை. அந்தக் கடிதம் இல்லாமல் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க முடியாமல் தவித்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

வாடகை தரவில்லை என்று பூட்டை மாற்றுவதும் கரண்டைத் துண்டிப்பதும் கூடவே கூடாது. வெளியேற்றப்பட்டவர் பொலிஸுக்குப் போனால், இரண்டு மாதத்துக்குள் நடந்த வெளியேற்றத்தை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் விசாரித்து, அவரைத் திரும்பவும் உள்ளே விடக் கட்டளையிடலாம். கோபத்தில் செய்த ஒரு காரியத்தால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருக்கும்போது அதிகம் சண்டை வருவது கரண்ட் பில்லில். கட்டணம் படிமுறையானது. 60 அலகைத் தாண்டினால் கட்டண அமைப்பே மாறும், பிறகு 90, 120, 180 என்று ஏறும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடினால் இருவருமே மேல்படியில் கட்ட வேண்டியிருக்கும். அனெக்ஸுக்குத் தனி வாசல் வைத்துக் கட்டி, தனி மீட்டருக்கு விண்ணப்பிப்பதே நல்லது. அதுவரை உப மீட்டர் போட்டால், பில்லை எப்படிப் பிரிப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மலசலகூடக் குழியையும் யோசியுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நாலு பேருக்குக் கட்டிய குழியில் எட்டு மாணவரை வைத்தால், மார்கழி மழையில் அது நிரம்பிப் பக்கத்துக் கிணற்றையும் கெடுக்கும். கட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாவற்குடா, ஊறணி போன்ற இடங்களில் தாழ்ந்த வளவு என்றால் பழைய வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று அயலாரிடம் கேட்டு, அதற்கு மேலே அத்திவாரத்தை உயர்த்துங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. வாடகையும் வருமானம்தான், சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு வருடம் 18 இலட்சம் ரூபா. உண்மையான பராமரிப்புச் செலவைக் கழிக்காதவர் வாடகையில் 25 வீதத்தை நிவாரணமாகக் கழிக்கலாம். பலருக்கு வரி எதுவும் வராது, ஆனாலும் கணக்கை எழுதி வையுங்கள்.

வாடகைக்கு வருபவரிடம் முற்பணம் வாங்குமுன் அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் வேலையிடத்தையும் பார்ப்பது போல, அவர் உங்கள் உறுதியின் பிரதியைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். சாவி கொடுக்கும் நாளில் இருவருமாக அறை அறையாக நடந்து சுவர், ஜன்னல் கண்ணாடி, குழாய் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். கரண்ட், தண்ணீர் மீட்டர் வாசிப்புகளை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் போகும் நாளில் முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கொடுப்பது என்பதை அந்தத் தாளை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.