கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயிலா?

"கொஞ்சம் கெட்டியான ஆயிலா ஊத்துங்க, இன்ஜின் பாதுகாப்பா இருக்கும்." கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. இது சரியா என்று தெரிய, பிஸ்டன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையும் இடம்கூட இருக்காது. அந்த இடுக்கில்தான் பம்ப் ஆயிலை அனுப்புகிறது. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, ஆயிலைத் தன்னோடு இழுத்துப்போய்க் குறுகலான பக்கத்தில் ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த அழுத்தத்தில் ஷாஃப்ட் எழும்பி, ஆயில் மேலேயே மிதக்கிறது. ஓடும் இன்ஜினில் அங்கே உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வதில்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆயில் அளவுக்கு மீறி இளகினால் இந்தப் படலம் அறுந்துவிடும். அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலோ, காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அப்புறம் அதைத் தள்ளிச் சுழலவே இன்ஜின் கூடுதல் எரிபொருள் செலவழிக்கும்.

குளிரிலும் சூட்டிலும் ஆயில் எப்படி இருக்கும் என்பதைத்தான் டப்பாவில் உள்ள '5டபிள்யூ-30' சொல்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவு இளக்கம். 10டபிள்யூவுக்கு அந்த வரம்பு மைனஸ் 25. பின்னால் வரும் 30 என்பது இன்ஜின் சூடானபின், 100 டிகிரியில், ஆயிலின் கெட்டித்தன்மை. ஆக, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டும் சூட்டில் ஒரே தரம்தான்.

சூட்டில் ஆயில் ஒரேயடியாக இளகாமல் இருக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். குளிரில் சுருண்டு கிடக்கும் இவை, சூடேறினால் விரிந்து ஆயிலின் ஓட்டத்தைத் தடுக்கும். ஓட ஓட இந்தச் சங்கிலிகள் அறுபட்டு ஆயிலின் கெட்டித்தன்மை குறைகிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது. புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள டீசல் காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். ஆயிலில் கலக்கும் உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி அந்த வடிகட்டியில் படியும். புகைக்கரியை எரித்துப் போக்கலாம், இந்தச் சாம்பலை எரிக்க முடியாது. அதனால், காரோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணோடு, பக்கத்தில் எழுதியிருக்கும் தரக் குறியீட்டையும் டப்பாவில் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.