டிராக்டரின் வாலில் எதைக் கட்டலாம்?

கிணற்றடித் துலாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு முனையில் கயிறும் வாளியும், மறு முனையில் ஒரு கல். நிறைந்த வாளி லேசாக மேலே வருவது அந்தக் கல்லால்தான். முன்னால் லோடர், அதாவது மண் அள்ளித் தூக்கும் பக்கெட், பூட்டிய டிராக்டரும் ஒரு துலாதான். முன் அச்சுதான் அதைத் தாங்கும் இடம். ஒரு பக்கம் பக்கெட்டில் மண், மறுபக்கம் வண்டியின் உடம்பு. மண் அதிகக் கனமானால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. சரிவில் அவை எழும்பினால் வண்டியை நிறுத்த வழியில்லை. உயிர் போகிற விஷயம் இது, அதனால்தான் பின்னால் எதிர் எடை கட்டுகிறோம்.

எவ்வளவு எடை? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பக்கெட்டும் மண்ணும் சேர்ந்து 500 கிலோ, முன் அச்சிலிருந்து 1.5 மீட்டர் முன்னால் தொங்குகிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் 750. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர் எடையைப் பின் சக்கரத்திலேயே மாட்டினால், 750-ஐ 2-ஆல் வகுத்து 375 கிலோ வேண்டும். அதையே பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் தூரம் 3 மீட்டர் ஆகிறது, 250 கிலோ போதும். இன்னொரு லாபமும் உண்டு. பின்னால் தள்ளித் தொங்கும் எடை முன் அச்சை லேசாகத் தூக்கிக் கொடுக்கும். இந்தக் கணக்கில் முன் அச்சின் பாரம் 125 கிலோ குறையும். சக்கரத்தில் மாட்டிய எடை பின் பக்கத்தை அழுத்துமே தவிர இதைச் செய்யாது.

டயரில் தண்ணீர் ஏற்றுவதுதான் இருப்பதிலேயே மலிவு. 13.6-28 அளவு பின் டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஒவ்வொன்றிலும் 150 கிலோவுக்கு மேல் ஏறும். குளிர் நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். அந்தக் கரைசல் தண்ணீரைவிடக் கனம், ஆனால் ரிம்மை அரித்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அந்த உப்பே தேவையில்லை.

இனி பின்னால் தொங்கவிடும் எடைக்கு வருவோம். ஒரு லிட்டர் இடத்தில் தண்ணீர் 1 கிலோ, காய்ந்த மணல் சுமார் 1.6, கான்கிரீட் 2.4, கருங்கல் 2.65, வார்ப்பிரும்பு 7.2, எஃகு 7.85, ஈயம் 11.3. இந்த வரிசையைப் பார்த்ததும் கை ஈயத்துக்குத்தான் போகும். விலையும் நஞ்சும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. ஈயத்தை உருக்கும்போது வரும் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். தோட்டத்து வீட்டில் ஈயம் உருக்கவே வேண்டாம்.

கருங்கல் கான்கிரீட்டைவிடக் கனம்தானே, டிரம்மில் முக்கால் அங்குல ஜல்லியைக் கொட்டிவிட்டால் போதாதா? பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு கல்லாக இருக்கும்போதுதான் அந்த 2.65. ஜல்லியாகக் கொட்டினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நாற்பது சதவீதத்துக்கு மேல் காற்று. லிட்டருக்கு ஒன்றரை கிலோ தேறினால் அதிகம். 200 லிட்டர் டிரம்மில் 300 கிலோதான் நிற்கும். அந்த இடைவெளியில் மணலும், மணலின் இடைவெளியில் சிமெண்ட் பாலும் புகும்போது அதே டிரம் 480 கிலோ ஆகிறது. கான்கிரீட்டின் கனம் சிமெண்டால் வந்ததல்ல, காற்று வெளியேறியதால் வந்தது.

பழைய இரும்புக்கும் இதே விதிதான். காயலான் கடையில் லேத் சுருள், அதாவது இரும்பைக் கடையும்போது விழும் சீவல், மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும் அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்று, போதாததற்கு எண்ணெய் படிந்திருப்பதால் சிமெண்டும் சரியாகப் பிடிக்காது. உடைந்த வார்ப்பிரும்புத் துண்டு, பழைய போல்ட் நட்டு, தகட்டில் ஓட்டை போடும்போது காசு மாதிரி விழும் துண்டு, இவைதான் நெருங்கிப் படுக்கும். 100 லிட்டர் பெட்டியில் 40 லிட்டர் இடத்தை வார்ப்பிரும்பும் மீதியைக் கான்கிரீட்டும் நிரப்பினால் 430 கிலோ வரும். வெறும் கான்கிரீட் என்றால் 240. அணுக்கதிரைத் தடுக்கும் சுவர்களுக்கு மேக்னடைட், பேரைட் போன்ற கனத் தாதுக்களை ஜல்லிக்குப் பதிலாகப் போடுவதும் இதே யோசனைதான். பேரைட் ஆந்திராவின் மங்கம்பேட்டையில் பெரும் படிவமாக இருக்கிறது, ஆனால் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கும் அது வேண்டும். நம் வேலைக்குக் காயலான் கடையே போதும்.

என்னைக் கேட்டால், இடம் தாராளமாக இருக்கும் விவசாயி இரும்பைத் தேடி அலையவே வேண்டாம். நாம் கணக்கிட்ட 250 கிலோவுக்கு 105 லிட்டர் கான்கிரீட் போதும், அரை டிரம்மைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வரப்போரம் திரும்பும்போது இடிக்கும், கட்டை சின்னதாக இருக்க வேண்டும் என்றால் மட்டும் இரும்பு சேர்க்கலாம். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினுக்குள்ளும் ஆட்டத்தை அடக்கக் கான்கிரீட் கட்டைதான் பல கம்பெனிகள் வைக்கின்றன.

வார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கிப் பிடிக்கும் கைகளுக்கு லிங்க் என்று பேர், கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழ் லிங்க் மாட்டும் கம்பியை வெறும் கான்கிரீட்டில் சொருகினால் குலுங்கிக் குலுங்கி விரிசல் விடும். கம்பி டிரம்மின் குறுக்கே முழுதாகப் போக வேண்டும், உள்ளே கம்பிக்கூட்டோடு கட்டியிருக்க வேண்டும். கீழ் லிங்கில் மாட்டும் பின்னின் (pin) அளவு சின்ன வண்டியில் 22 மி.மீ., பெரிய வண்டியில் 28 மி.மீ., அளந்து பார்த்து வாங்குங்கள். மேல் லிங்குக்கும் ஒரு காது வைத்துவிடுங்கள். வார்த்தபின் குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி நனைக்க வேண்டும். இந்தக் கைகளைத் தூக்கும் லிஃப்ட் எவ்வளவு தூக்கும் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டு எடையை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், கட்டையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும், அவ்வப்போது இறக்கி வைக்க வேண்டியிருக்கும். சேற்றுழவு தொடங்கும்போது இந்தக் கனம் வயலுக்கு ஆகாது, சக்கரம் புதையும், மண் இறுகும். டயர்த் தண்ணீரை வடிக்க நேரமாகும். கட்டையை ஷெட்டில் இறக்கி, பின்னைக் கழற்றினால் வண்டி வயலுக்குப் போய்விடும்.