டானிக் என்று நினைத்துத் தெளிக்காதீர்கள்

"பூ கொட்டுது, ஒரு டானிக் அடிச்சா நின்னுடுமா?" பயிர் ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். டானிக் என்று விவசாயிகள் சொல்வது பெரும்பாலும் என்ஏஏ, அதாவது செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினின் செயற்கை வடிவம். அது சத்து இல்லை, ஹார்மோன். செடி அதை உணவாக எடுத்துக்கொள்வதில்லை, உத்தரவாக எடுத்துக்கொள்கிறது.

பூவின் காம்படியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. பூவிலிருந்தும் பிஞ்சிலிருந்தும் ஆக்சின் இறங்கி வந்துகொண்டிருக்கும்வரை அது பிடித்து நிற்கும். வரத்து குறைந்தால், உதிரவைக்கும் ஹார்மோனான எத்திலீனின் கை ஓங்கி, அந்த அடுக்கு விட்டுப்போய் பூ விழுகிறது. என்ஏஏ இந்தக் குறையைத்தான் ஈடுசெய்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் ஆக்சினே செடியை எத்திலீன் சுரக்கவைத்துவிடும், நிற்க வேண்டிய பூவும் கொட்டும். ஆப்பிளில் பூ முடிந்ததும் பிஞ்சுகளைக் குறைக்கவும் இதே என்ஏஏதான், அறுவடைக்கு முன் காய் உதிராமல் காக்கவும் இதேதான்.

அதனால் மூடியால் அளந்து ஊற்றாதீர்கள். 4.5 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 45 மில்லிகிராம் என்ஏஏ இருக்கும். 20 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம் வேண்டுமென்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய நாலரை மில்லி, அவ்வளவுதான். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்தால் போதும். அதற்கும் முன்னால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், வேர் காய்ந்து கிடந்தால் செடிக்குத் தேவை தண்ணீர்.

ஒரு பருத்தி வயலை இன்னும் மறக்க முடியவில்லை. கொழுந்து முழுக்க முறுக்கி, இலை நார்நாராகக் குறுகியிருந்தது. வைரஸ் என்று நினைத்து, அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு இரண்டு முறை மருந்து அடித்திருந்தார் அந்த விவசாயி. ஆனால் அடி இலைகள் நன்றாக இருந்தன, வயல் பூராவும் ஒரே நேரத்தில் வந்திருந்தது. மருந்து அடிக்கும் டேங்கில் இதற்கு முன்னால் என்ன கலந்தீர்கள் என்று கேட்டேன். 2,4-டி களைக்கொல்லி. அதுவும் செயற்கை ஆக்சின்தான். நெல், கோதுமை மாதிரிப் புல் வகைப் பயிர்கள் தாங்கிக்கொள்ளும், பருத்தியோ டேங்கில் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கே முறுக்கிக்கொள்ளும். பாதிப்பு லேசாக இருந்ததால் அடுத்தடுத்த தளிர்கள் மெல்லத் தேறின. இப்போது அவர் களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வைத்து, அதில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்.