நனவோடை: சொல்லும் ஜேம்ஸ் ஜாய்ஸும்

தமிழில் நாவல் விமர்சனம் படிக்கிறவர்கள் ‘நனவோடை உத்தி’ என்ற தொடரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எழுத்தாளர் லா.ச.ரா.வைப் பற்றிப் பேச்சு வந்தால் வரும். நகுலன் என்றால் கட்டாயம் வரும். ஆங்கில ‘ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸ்’ என்பதற்கு ஈடாக வழங்கும் சொல் இது. பிரித்தால் நனவு + ஓடை. நனவின் ஈற்று உகரம், உயிர் வந்தால் வழக்கமாகக் கெடும் குற்றியலுகரம் அல்ல, முற்றியலுகரம்தான். ஆனாலும் உயிர் வந்தால் முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது.

ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் ஓடுவதை, ஆசிரியர் குறுக்கே நின்று ஒழுங்குபடுத்தாமல், ஓடுகிறபடியே எழுதுவது நனவோடை. கண்ணில் படுவது, காதில் விழுவது, பழைய ஞாபகம், பாதியில் அறுந்த எண்ணம் எல்லாம் கலந்துகட்டி வரும்.

சொல் பிறந்த இடம் இலக்கியம் அல்ல, உளவியல். அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெரிய உளவியல் நூலில் இதற்கு நிலையான இடம் கிடைத்தது. நனவு துண்டு துண்டாக இருப்பதில்லை. ‘சங்கிலி’, ‘தொடர்’ போன்ற சொற்கள் அதற்குப் பொருந்தா. ஆறு அல்லது ஓடை என்பதே இயல்பான உவமை என்றார் அவர். நாவலுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர். 1918 ஏப்ரலில், டாரதி ரிச்சர்ட்சன் என்ற பெண் எழுத்தாளரின் நாவல்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை எடுத்தாண்டார். ரிச்சர்ட்சனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்காவின் ‘தி லிட்டில் ரிவ்யூ’ இதழில் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவல் தொடராக வர ஆரம்பித்திருந்தது. பெயர் ரிச்சர்ட்சனுக்கு வைக்கப்பட்டது; ஒட்டிக்கொண்டது ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு.

ஜாய்ஸ் 1882 பிப்ரவரி 2 அன்று டப்ளினில் பிறந்தவர். 1904இல் காதலி நோரா பார்னக்கிளோடு ஊரைவிட்டுப் போனவர், பிறகு ட்ரியெஸ்ட், சூரிச், பாரிஸ் என்று வெளியூர்களிலேயே வாழ்ந்து 1941இல் சூரிச்சில் இறந்தார். எழுதியது மட்டும் டப்ளினைப் பற்றித்தான். 1914இல் ‘டப்ளினர்ஸ்’ சிறுகதைகள், 1916இல் இளம் கலைஞன் ஒருவனின் வளர்ச்சியைச் சொல்லும் நாவல். ‘யுலிஸிஸ்’ தொடரை ஆபாசம் என்று நியூயார்க் நீதிமன்றம் 1921இல் தீர்ப்பளித்து, இதழாசிரியர்களுக்கு அபராதம் போட்டது. நாவலைப் பாரிஸில் புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் துணிந்து அச்சிட்டார். ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளில், 1922 பிப்ரவரி 2 அன்று, அது வெளிவந்தது. கதை நடப்பதோ 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளும், அதைத் தொட்ட பின்னிரவும்.

உத்தியைத் தானே கண்டுபிடித்ததாக ஜாய்ஸ் சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சில் ஒரு ரயில் நிலையக் கடையில் வாங்கிய எடுவார் துஜார்தானின் பழைய நாவலைக் கைகாட்டினார்.

‘யுலிஸிஸ்’ நாவலின் நாலாவது அத்தியாயத்தில் நாயகன் லியோபோல்ட் ப்ளூம் காலைச் சாப்பாட்டுக்குச் சிறுநீரகம் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறான். அந்த இடம் ஏறக்குறைய இப்படிப் போகும்: வாசற்படியில் நின்று பின்பாக்கெட்டில் சாவியைத் தேடினான். இல்லை. கழற்றிப் போட்ட கால்சட்டையில். எடுக்கணும். உருளைக்கிழங்கு இருக்கு. அலமாரி கிறீச்சிடும். அவளை எழுப்ப வேண்டாம்.

‘தேடினான்’ வரை ஆசிரியர் சொல்கிறார். அடுத்த புள்ளியிலிருந்து ப்ளூமின் மனசு. ‘என்று நினைத்தான்’ கிடையாது, மேற்கோள்குறி கிடையாது. பாக்கெட்டில் உருளைக்கிழங்கு எதற்கு? ஜாய்ஸ் அங்கே சொல்வதில்லை. அம்மாவின் நினைவாக வைத்திருப்பது என்று வாசகனுக்குத் தெரியப் பதினைந்தாம் அத்தியாயம் வரை போகவேண்டும். தன் பாக்கெட்டில் இருப்பதைத் தனக்கே யாராவது விளக்கிக்கொண்டிருப்பார்களா? சாவியை விட்டுப்போன ப்ளூம், இரவு வீடு திரும்பும்போது கிராதியைத் தாண்டிக் குதித்து அடுப்படி வழியாக உள்ளே போகிறான்.

தமிழில் இந்த உத்திக்கு இடைஞ்சல் ‘என்று’தான். எண்ணத்தைச் சொல்லி முடித்ததும் அந்தச் சொல்லைப் போட்டு வேலி கட்டிவிடுவது நம் உரைநடையின் பழக்கம். அதை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுவாயை விட்டுவிட்டும் நம்மால் வாக்கியம் எழுத முடியும் என்பதால் மீதியும் கஷ்டமில்லை.

நிறுத்தக்குறி இல்லாமல் நீளமாக எழுதினால் நனவோடை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கடைசி அத்தியாயத்தில் ப்ளூமின் மனைவி மோலி எட்டே நீண்ட வாக்கியங்களில், நிறுத்தக்குறி அநேகமாக இல்லாமல் நினைத்துக்கொண்டே போவதிலிருந்து வந்தது அது. ப்ளூமின் மனசோ முற்றுப்புள்ளி மயம். முழு ‘யுலிஸிஸு’ம் நனவோடை என்பதும் சரியல்ல. பதினேழாம் அத்தியாயம் முழுக்கக் கேள்வி பதில். பன்னிரண்டாவது ஒரு மதுக்கடைப் பேர்வழியின் அரட்டை.

தமிழ் ஈடுகளில் ‘நினைவோடை’யையும் சிலர் இதே பொருளில் போடுகிறார்கள். தவிர்ப்பது நல்லது. நினைவு என்றால் ஞாபகம் என்றே முதலில் படும். சுந்தர ராமசாமி தம் இலக்கிய நண்பர்களைப் பற்றிய நினைவுக்குறிப்பு நூல்களுக்கு வைத்த பெயரும் அதுதான். ‘நினைவோட்டம்’ பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லாகத் தளர்வு. ப்ளூமினுடையது போல ஒருவர் தனக்குள் சொற்களாகவே பேசிக்கொள்வதை மட்டும் தனியே குறிக்க ‘அகத் தனிமொழி’ போதும். நனவோடை அதைவிட அகலமானது. சொல்லாக உருவெடுக்காத உணர்வும் அதில் அடங்கும். ஓடை சின்னதாயிற்றே என்பவர்களுக்கு: ‘ஓடு’ என்ற வினையில்தான் அதன் உயிர். ‘மனசுல என்ன ஓடுது?’ என்றுதானே கேட்கிறோம்.

நனவு வள்ளுவர் காலத்துச் சொல். ‘நனவினால் நல்கா தவரைக் கனவினால் காண்டலின் உண்டென் உயிர்’ என்ற குறளில் அது விழித்திருக்கும் நிலை. கனவுக்கு நேர் எதிர். இந்தப் பழம்பொருள் ‘யுலிஸிஸ்’ என்ற பகல் புத்தகத்துக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. 1939இல் வந்த ஜாய்ஸின் கடைசி நாவல் ‘ஃபின்னெகன்ஸ் வேக்’ அப்படியல்ல. அது இரவு, உறக்கம். பல மொழிச் சொற்களை உடைத்து ஒட்டிய ஒரு மொழி. டப்ளினின் லிஃபி ஆறே ஒரு பெண்ணாகி அதில் பேசுகிறது. முடியாமல் நிற்கும் கடைசி வாக்கியம், பாதியில் தொடங்கும் முதல் வாக்கியத்தோடு போய்ச் சேர்கிறது. அதையும் ‘நனவோடை நாவல்’ என்று பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே ஓடை உண்டு, நனவுதான் இல்லை. ‘கனவுமொழி நாவல்’ என்று எழுதலாம்.