சும்மா கிடப்பதெல்லாம் சும்மா கிடப்பதில்லை

"சர்வரில் பயன்படுத்தாத மென்பொருள் சும்மாதானே கிடக்கிறது, அதை ஏன் நீக்க வேண்டும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாதிப் பதில் தெரிந்ததுதான்: நிரல் கூடினால் பிழை கூடும், திறந்த போர்ட் (வலையிலிருந்து இணைப்பு வரும் வாசல்) கூடினால் நுழையும் வழி கூடும். மீதிப் பாதிதான் சுவாரசியம்.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் நிரல்) வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவது அவரை உறுத்தியது. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கொல்லைப்புறக் கதவு வைத்திருந்தார்கள்.

சரி, கோப்பைச் சுருக்குவதற்கும் எஸ்எஸ்எச்சுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. "நான் தயார்" என்று லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் சொல்வதற்காக, டெபியன் போன்ற சில லினக்ஸ்களில் எஸ்எஸ்எச்சோடு லிப்சிஸ்டம்டி என்ற லைப்ரரியை, அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல்தொகுப்பைச் சேர்த்திருந்தார்கள். அது தன் பங்குக்கு எக்ஸ்இசட்டின் லைப்ரரியையும் இழுத்து வந்தது. அதை எஸ்எஸ்எச் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை.

கூப்பிடாமலே எப்படி ஓடியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே கணக்கை வெவ்வேறு ப்ராசஸர்களுக்கு ஏற்றபடி பல விதமாக எழுதி வைப்பார்கள். லைப்ரரி நினைவகத்தில் ஏறும்போதே ஒரு குட்டி நிரல் ஓடி, "இந்த ப்ராசஸருக்கு இது" என்று பொறுக்கி எடுக்கும். ஐஃபங்க் என்று பெயர். முதன்மை நிரல் கண் விழிக்கும் முன்பே இது வேலையை முடித்துவிடும். களவாணி ஒளிந்திருந்தது அங்கேதான். ஏறியிருப்பது எஸ்எஸ்எச்சுக்குள்தானா என்று பார்ப்பான்; ஆமென்றால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஆர்எஸ்ஏ (ஒரு குறியாக்க முறை) நிரல் இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடையதை உட்கார வைத்துவிடுவான். அப்புறம், அதற்கான ரகசியச் சாவி உள்ளவர் கடவுச்சொல் இல்லாமலே ரூட் எனும் முழு அதிகாரத்தில் எதையும் செய்யலாம்.

ஆர்ச் லினக்ஸிலும் அதே எக்ஸ்இசட் பதிப்பு இருந்தது. ஆனால் அங்கே எஸ்எஸ்எச்சோடு லிப்சிஸ்டம்டியை யாரும் கோக்கவில்லை. இந்த வழி அடைபட்டே இருந்தது.

எத்தனையோ சர்வர்கள் நம்பியிருந்த எக்ஸ்இசட்டை ஒரே ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். உதவுகிறேன் என்று வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லபிள்ளையாக இருந்த ஆள்தான் கதவு வைத்தது. பாதுகாப்புக் கருவிகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளி இப்படிப்பட்ட பராமரிப்பாளர்களுக்குப் போனால் என்ன என்று எனக்குக் கோபமே வரும்.

உங்கள் சர்வரில் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் பக்க நிரல்) மீது எல்டிடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்தெந்த லைப்ரரி கூடவே ஏறுகிறது என்று வரிசையாக வரும். டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவும்போது 'பரிந்துரைகள் வேண்டாம்' என்ற தெரிவைக் கொடுத்தால் தொற்றிக்கொண்டு வரும் கூட்டம் குறையும்.

அந்த "நான் தயார்" செய்தி இருக்கிறதே, அது ஒரு சாக்கெட்டில் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் வழி) 'ரெடி=1' என்று எழுதுவது, அவ்வளவுதான். 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-இல் லிப்சிஸ்டம்டி இல்லாமலே அதற்கான சில வரிகளை ஓப்பன்எஸ்எஸ்எச்காரர்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.