ஹாட்ஸ்பாட்: தீப்புள்ளியா, அனல்புள்ளியா?

காட்டுத்தீ சீசன் வந்துட்டா சாட்டிலைட் மேப்ல செவப்பு செவப்பா புள்ளி போட்டு இத்தன இடத்துல தீ எரியுதுன்னு செய்தி வரும் பாத்திருப்பீங்க, அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பேரு ஹாட்ஸ்பாட். தமிழ்ல இத சிலர் தீப்புள்ளின்னு எழுதுறாங்க, சிலர் வெப்பப்புள்ளின்னு எழுதுறாங்க, மிஷின் ட்ரான்ஸ்லேஷன்ல போட்டா "சூடான இடம்"னு மொட்டையா வந்து நிக்கும். இதுல தீப்புள்ளி மட்டும் வேணாம்ங்கறது தான் என் கட்சி, ஏன்னா அந்த சாட்டிலைட் தீய பாத்தேன்னு எங்கயுமே சொல்லல.

மொதல்ல சொல்லு வந்த கத. ஆங்கிலத்துல இது சூடு, இடம்ங்கற ரெண்டு சாதாரண சொல்லு ஒட்டினது தான், ஆனா ஒவ்வொரு துறையும் அத தூக்கிட்டு போய் தன் இஷ்டத்துக்கு வளச்சிருக்கு. 1963ல டூசோ வில்சன்னு ஒரு புவியியலாளர் ஹவாய் தீவெல்லாம் ஏன் வரிசையா இருக்குன்னு விளக்குனாரு பாருங்க, மேல பூமியோட பாறைத் தட்டு நகந்துட்டே இருக்க அடியில ஒரு சூடான இடம் மட்டும் அப்படியே நிக்குதுன்னு, அந்த எரிமலை சமாச்சாரம் ஒரு ஹாட்ஸ்பாட். 1988ல நார்மன் மையர்ஸ்னு ஒரு சூழலியலாளர் உயிரினங்கள் செறிஞ்சு கெடந்து அழிவு நெருங்குற பகுதிக்கு இதே பேர வச்சாரு, அங்க சூடே கெடையாது. காட்டுத்தீய அணைக்கிறவங்களுக்கோ எரியற தீயிலயே மத்த பக்கத்த விட உக்கிரமா எரியற பகுதி தான் ஹாட்ஸ்பாட். இதெல்லாம் போக போன்ல நெட் ஷேர் பண்றது வேற. சாட்டிலைட்காரங்க சொல்ற அர்த்தம் இதுல எதோடயும் முழுசா சேராது.

அவங்க அர்த்தம் என்னன்னா, ஒரு படத்துல அக்கம்பக்கத்து பிக்சல விட சந்தேகப்படுற அளவுக்கு சூடா தெரியற பிக்சல், அவ்வளவு தான். 1999 டிசம்பர்ல விண்வெளிக்கு போன டெர்ரா சாட்டிலைட்லயும் 2002 மே மாசம் போன அக்வாலயும் மோடிஸ்னு ஒரு கருவி இருக்கு, அது தீய தேடுற விதத்த பாத்தா இது புரியும். சாதாரண தரை, 27 டிகிரின்னு வச்சுக்குவோம், அதோட வெப்பக்கதிர் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீளம் பக்கத்துல தான் அதிகமா வரும், ஆனா 700 டிகிரி தாண்டுன தீயோட கதிர் உச்சம் 3 மைக்ரான் பக்கம் நகந்துடும். அதனால 4 மைக்ரான் சேனல்லயும் 11 மைக்ரான் சேனல்லயும் ஒரே இடத்த பாத்து ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாப்பாங்க. மோடிஸோட பிக்சல் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், அதுல ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது ஆயிரம் சதுர மீட்டர் மட்டும் 727 டிகிரில எரியுது, மிச்சம் எல்லாம் 27 டிகிரில சும்மா கெடக்குன்னு வச்சு நான் கணக்கு போட்டு பாத்தேன், 4 மைக்ரான்ல அந்த மொத்த பிக்சலும் 77 டிகிரி மாதிரி தெரியுது, 11 மைக்ரான்ல வெறும் 29 தான். கவனிங்க, அந்த எடத்துல 77 டிகிரில எதுவுமே இல்ல! தீ 727, தரை 27, ரெண்டும் கலந்து கருவி சொல்ற ஒரு நம்பர் அது. டேட்டால 350 கெல்வின்னு (அதே 77 டிகிரி தான்) இருக்கறத பாத்துட்டு தீயோட வெப்பநிலை இவ்வளவு தானான்னு கேக்கறவங்க நெறைய பேரு, அவங்க மேல தப்பில்ல, பேரு அப்படி.

ஆக ஹாட்ங்கறது ஒப்பீடு தான். சரி ஸ்பாட்டாவது ஸ்பாட்டான்னா அதுவும் இல்ல. மேப்ல தெரியற புள்ளி பிக்சலோட நடுப்பகுதி, தீ அந்த ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எந்த மூலையிலயும் இருக்கலாம், சாட்டிலைட் ஒரு தடவ பாக்கற பட்டையோட ஓரத்துக்கு போனா அதே பிக்சல் 4.8 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர்னு இழுபட்டுடும். 2011ல வந்த வீர்ஸ் கருவியில 375 மீட்டர் வரைக்கும் பொடிசாக்கிட்டாங்க, பரவால்ல, ஆனாலும் கட்டம் கட்டம் தான். அதனால புள்ளிய எண்ணி தீய எண்ணக்கூடாது: ஒரு பெரிய தீ அம்பது புள்ளியா விழும், பக்கத்து பக்கத்துல எரியற அஞ்சு சின்ன தீ ஒரே புள்ளியா போயிடும், மேகம் மூடுனா ஒண்ணுமே விழாது, மண்ணுக்கடியில தணலா பொகையற கரிமண் தீ பல நேரம் கண்ணுலயே படாது.

இன்னொரு பக்கம், காட்டுத்தீயே இல்லாம புள்ளி விழறதும் உண்டு. எரிமலை, எண்ணெய் வயல்ல எரிக்கிற வாயு, இரும்பு ஆலை உலை, தண்ணியில பட்டு தெறிக்கிற வெயில்னு எல்லாமே 4 மைக்ரான்ல பளபளக்கும். இந்த புள்ளிகள வெளியிடற நாசாவோட ஃபர்ம்ஸ் தளத்துல வீர்ஸோட பழைய ஆர்க்கைவ் டேட்டாவ எறக்கி பாத்தீங்கன்னா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகை நம்பர் இருக்கும், 1 எரிமலை, 2 நெலத்துல எடம் மாறாத வேற வெப்பம், 3 கடல்ல இருக்கறது, 0 தாவரத் தீயா இருக்கும்னு "அனுமானம்". அனுமானம்னு அவங்களே போட்டிருக்காங்க, மோடிஸ் டேட்டாவோட பேருலயே தீக்கு முன்னாடி வெப்பப் பிறழ்வுன்னு, அதாவது வழக்கத்துக்கு மாறான சூடுன்னு தான் இருக்கு. அவங்க இவ்வளவு தயங்கி சொல்றத நாம தீப்புள்ளின்னு அடிச்சு சொன்னா எப்படி?

இந்த குழப்பம் நமக்கு மட்டும் இல்ல. இந்தோனேசியால ஹாட்ஸ்பாட்டுக்கு தீத்திக் பானாஸ்னு பேரு, சூட்டுப்புள்ளின்னு அர்த்தம், கூடவே தீத்திக் அப்பின்னு இன்னொண்ணு, அது தான் தீப்புள்ளி. சாட்டிலைட் சொல்றது மொதல் சொல்லு, ஆள் போய் பாத்து உறுதி பண்ணா ரெண்டாவது சொல்லு, ரெண்டையும் கலக்காதீங்கன்னு அங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். வெப்பப்புள்ளி தப்பில்ல, ஆனா சப்புன்னு இருக்கு, வெயில்ல காயற பாறைக்கும் வெப்பம் உண்டு. நம்மகிட்ட நெருப்புக்கு சொல்லுக்கா பஞ்சம், தீ, எரி, அழல், கனல், தணல், கங்கு, பொறின்னு வரிசையா இருக்கு, இதுல எனக்கு பொருந்தி வர்றது அனல் தான். நெருப்ப குறிக்கவும் அந்த சொல்லு இருக்கு, ஆனா பேச்சுல நெருப்ப கண்ணால பாக்காம தூரத்துல நின்னு அதோட சூட்ட மட்டும் உணரும்போது தான அனல் அடிக்குதுன்னு சொல்றோம், சுமார் 700, 800 கிலோமீட்டர் ஒயரத்துல இருந்து சாட்டிலைட் பண்றதும் அச்சு அசல் அதே தான். தெர்மல்ங்கறதுக்கு அனல் மின் நிலையம்னு ஏற்கனவே கலைச்சொல்லா பழகியும் போச்சு. அதனால ஹாட்ஸ்பாட்னா அனல்புள்ளி, உறுதியான பிறகு தீப்புள்ளி, எரிஞ்சு முடிஞ்சு கரிஞ்ச பரப்ப தனியா வேற சாட்டிலைட் படத்துல அளக்கறாங்களே அதுக்கு எரிதழும்புன்னு வச்சுக்கலாம். கட்டம் தான சரி, புள்ளின்னு ஏன் விடறேன்னா மேப்ல எல்லாரும் பாக்கறது புள்ளிய, அத மாத்துனா யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

புணர்ச்சி விதிப்படி அனற்புள்ளின்னு தான் வரணும்னு ஒருத்தர் கெளம்புவாரு, தெரியும். சரியா தான் சொல்றாரு, கட்டுரையில அப்படியே எழுதுங்க, ஆனா அனல் மின் நிலையத்த யாரும் அனன்மின் நிலையம்னு எழுதறதில்ல, நான் பேசும்போது அனல்புள்ளின்னே சொல்லிட்டு போறேன்.